ஹியூவின் மூன்று நாரைகள்

நவம்பரில் மூன்றரை மணிக்கே ஆவணக் காப்பகத்தின் ஜன்னலில் வெளிச்சம் வடிந்துவிடுகிறது. காப்பாளருக்கு எதிர் மேசையில் வினிஃப்ரெட் வெதர்கோட், ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், எழுநூறு வருடத்து ஆட்டுத்தோல் பத்திரத்தின் மேல் குனிந்திருக்கிறாள். சுருளப் பார்க்கும் தோலை ஈயக்குண்டுச் சரம் அழுத்திப் பிடித்திருக்கிறது. தன் முன்னோரைப் பதினோரு வருடமாக இங்கே தேடுகிறவள் அவள். தோலைத் தொடாமல் வரிவரியாக நகர்ந்த விரல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. "டெஸ்மண்ட், இங்க வாயேன். வெதர்கோட் ஊர்ப் பிரபு ஹியூவோட மகன்னு நான் நினைச்ச எங்க மூதாதை வால்டர், மாவு மில்காரன் மகனாம். ஹியூகிட்ட நிலத்தை விலைக்கு வாங்கியிருக்கான். அப்புறம் எப்படி அவன் வெதர்கோட் ஆனான்?" காப்பாளர் டெஸ்மண்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். "அந்தக் காலத்துல அப்படித்தாங்க. நிலம் யார் கையிலயோ, ஊர்ப் பேரும் அவருக்குத்தான்." "அப்ப நாங்க மாவு அரைச்ச வம்சமா?" "அதுவும் நல்லதுதான். மாவுல கைவச்சதுக்கு மில்காரங்க அடிக்கடி கோர்ட்ல நின்னிருப்பாங்க. தேடறது சுலபம்." அவள் சிரிக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைக்கிறாள். அவளுடைய அப்பாவின் புதுக் கல்லறை. அதன் நெற்றியில், ஹியூவின் குல முத்திரையிலிருந்த மூன்று நாரைகள். "போன மாசம்தான் கல்லை நட்டோம். சாகறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இதை வரைஞ்சு காட்டினேன். நாம அவ்வளவு பெரிய ஆளுங்களான்னு ரெண்டு தடவை கேட்டார்." அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் முனகுகிறது. டெஸ்மண்ட் ஈயச் சரத்தை எடுக்கிறார். தோல், பழகிய பக்கமாகவே, மெல்லச் சுருண்டுகொள்கிறது.