ஏழு, எட்டு

பன்னிரண்டு டம்ளரில் டீ ஊற்றியாயிற்று. பதினொன்று காலியானது. சர்க்கரை போடாத பன்னிரண்டாவது டம்ளர் மட்டும் பெஞ்சில் ஆறிக்கொண்டிருந்தது.

அது தன் மனைவிக்குச் சொன்ன டீ என்று எழுந்தார் கண்ணாடி போட்ட கணவர். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனைவியைக் காணவில்லை.

கைடு இன்னொரு தடவை தலைகளை எண்ணினார். பதின்மூன்று வருஷமாக இந்த மழைக்காட்டுக்குள் ஆட்களைக் காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறவர். ஒரு நாளும் ஒரு தலை குறைந்ததில்லை.

நாலு மணிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஆபீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொன்னால் லைசென்ஸ் போச்சு. போன மாதம் இன்னொரு கைடுக்கு அதுதான் நடந்தது. காணாமல் போனவர் மறுநாள் முழுசாகக் கிடைத்தும் மன்னிக்கவில்லை.

அருவிக்கரையில் எண்ணியபோது சரியாகத்தானே இருந்தது? மரமும் கொடியும் மறைக்கிற இடத்தில் கண்ணை நம்ப முடியாது என்று ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார். நிற்கும் இடத்திலெல்லாம் அவரவர் தன் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்தே அந்தக் கணவர் "ஏழு, எட்டு" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். அருவியிலும் பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லியிருக்கிறார். எட்டு அங்கே நின்றதா என்று யார் திரும்பிப் பார்த்தது? கைடு தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

கணவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தன் பை முதுகில், மனைவியின் பை தோளில், நனைந்த கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் இங்கும் அங்கும் ஓடினார். மழையில் கெட்டுவிடும் என்று அவள் போனையும் காலையில் அவரே வாங்கி வைத்துக்கொண்டாராம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் கடைக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பியதில்லையாம்.

காய்கறிப் பையைத் தொடாத மனுஷன் என்று வீட்டில் தினமும் பாட்டு வாங்குகிற கைடு, காலையில் இவரைப் பார்த்துக் கொஞ்சம் கூசிப்போனதும் உண்டு.

"நான் இல்லாம அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சார்," என்று கைடின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் கணவர். "எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

காலையிலிருந்து துணைக்கு வந்திருந்த வனக்காவலர் இரண்டு வாக்கி டாக்கியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கணவரோடு அருவிப் பக்கம் போனார். மற்றவர்களைக் கொட்டகையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கைடு மற்றொன்றோடு கீழ்ப்பாதையில் இறங்கினார். இந்தப் பாதை எங்கே போகிறது என்று காலையில் அந்தப் பெண் கேட்டது நினைவு வந்தது. நாள் முழுக்க அவள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

வழி தெரியாமல் இதில் திரும்பிவிட்டாளோ? ஓடை வேறு ஏறிக்கொண்டிருந்தது. மழை கொட்டியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

வழி தவறினால் ஊத வேண்டும் என்று எல்லோர் கழுத்திலும் விசில் மாட்டிவிட்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. ஊத முடியாமல் எங்காவது கிடக்கிறாளோ என்று நினைத்ததும் வேகத்தைக் கூட்டினார். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கவும் நிற்கவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

பாதை முடிந்து தார்ரோடு வந்தது. தினமும் நாலு மணிக்கு ஒரே ஒரு பஸ் நிற்கிற நிழற்குடை. உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள்.

கைடுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடி கிடி படவில்லையே என்று கேட்பதற்குள் அவருக்கே கண் கலங்கிவிட்டது. இல்லை என்று தலையாட்டினாள். தலையோடு கால் நனைந்திருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி, மடியில் இருந்த ஒரு ஃபைலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஓரத்தில் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்று எட்டிப் பார்த்தது.

காட்டுக்கு நடக்க வந்தவள் சான்றிதழை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதெல்லாம் அப்புறம் என்று வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

அவர் அழுத்துவதற்குள் அதுவே கரகரத்தது. கணவரின் குரல். அழுகை போன இடம் தெரியவில்லை.

"கிடைச்சாளா? கிடைச்சா அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நேரா எங்கிட்ட கொண்டாந்து விடுங்க. நான் பேசிக்கிறேன்."

ஆள் எங்கேயோ மலைக்கு மேலே இருக்கிறார். ஆனாலும் அந்தக் குரலுக்கு அவள் எழுந்து, பின்னுக்கு நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கைடு மணியைப் பார்த்தார். மூன்றரை. பட்டன் மேல் வைத்த கட்டைவிரல் அப்படியே நின்றது.

"அண்ணே," என்றாள் அவள். "இன்னும் அரை மணி நேரம் என்னைத் தேடுங்க."