தோற்ற கல்

வணிக வளாகம் கட்ட யாரை அமர்த்துவது என்று முடிவு செய்ய, மெகருன்னிசா மூன்று கான்ட்ராக்டர்களையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். இருவர் தாங்கள் கட்டி முடித்த கட்டடங்களின் படங்களை மேசையில் பரப்பினார்கள். மூன்றாமவரான ஞானதிரவியம் எட்டுக் கிலோ கான்கிரீட் கட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார். விரிசல் விட்டிருந்த அது சிதறிவிடாமல் கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தது.

“என்னது இது?”

“ஒரு ஆஸ்பத்திரித் தூணுக்குப் போட்ட கலவையில எடுத்த சாம்பிள்ம்மா. மெஷின்ல அழுத்திப் பாத்தப்ப தாங்கல. ஆறு தூணையும் இடிச்சிட்டு மறுபடி எழுப்புனேன்.”

“யாரு இடிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. டெஸ்ட் ரிப்போர்ட் என் கைக்கு மட்டுந்தான் வந்துச்சு.”

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். “அண்ணாச்சி, ஃபெயிலான மார்க் ஷீட்டைக் காட்டி யாராவது வேலை கேப்பாங்களா?”

ஞானதிரவியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருட வேலையில் நாலு பேர் முன்னால் வைக்க அவரிடம் இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

மின்விசிறிக் காற்றில் மூன்று டெண்டர்களும் படபடத்தன. மெகருன்னிசா இரண்டு கைகளாலும் கட்டியைத் தூக்கி அவற்றில் ஒன்றின்மேல் வைத்தார். எதன்மேல் என்று ஞானதிரவியம் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்கு நடந்தார்.

“வேலைய யாருக்கு வேணும்னாலும் குடுங்கம்மா. கல்லை மட்டும் பத்திரமா வச்சிருங்க. அது எனக்குத் திரும்ப வேணும்.”