ஒருத்தராவது பதறணும்

“கிட்டு, மூணாவது வரிசையைப் பாருடா. அந்த அம்மா எப்படிப் பதறுறாங்க பாரு!”

இருட்டில் கோகுல்நாத் தன் கேமராமேனின் தொடையைக் கிள்ளினான். கிட்டு எட்டிப் பார்த்தான். திரையில் கதாநாயகன் சுவரில் காதை வைத்து, உள்ளே யாரோ மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் சீட்டின் நுனிக்கே வந்திருந்தாள்.

“நம்ம படத்துக்கா?” என்றான் கிட்டு.

அவன் நம்பாததில் தப்பில்லை. புனேயின் கட்கியில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. வந்திருந்தது பதினான்கு பேர். அதில் இரண்டு பேர் ஏ.சி.க்காக வந்து நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒரு குடும்பம், பேய் எப்போது வரும் என்று சத்தமாக விசாரித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசைக் கல்லூரிக் கும்பல், கதாநாயகன் அழுதபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. மனோதத்துவத் திரில்லர் எடுத்தவனுக்கு இதைவிடத் திகில் வேறென்ன வேண்டும்?

கோகுல்நாத்தின் கவலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் வரிசையில், திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார் ராகவேந்திரா. சென்னையிலிருந்து வந்த விநியோகஸ்தர். முப்பது வருஷமாக அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார்.

“ஒருத்தராவது நிஜமா பதறணும் தம்பி. பதறினா படத்தை நான் எடுத்துக்கறேன். இல்லேன்னா மத்தியான ஃப்ளைட்டைப் பிடிச்சுப் போய்ட்டே இருப்பேன்” என்று வந்ததுமே சொல்லிவிட்டார். மற்ற விநியோகஸ்தர்கள் எல்லாரும் ஏற்கெனவே கையை விரித்தாயிற்று. இவரும் கைவிட்டால் படம் கோகுல்நாத்தின் லேப்டாப்பிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவனும் குறை வைக்கவில்லை. செட் போட வசதியில்லாததால் ஒரே ஒரு பிளாட்டுக்குள், இரண்டே நடிகர்களை வைத்துப் பதினெட்டு நாளில் முடித்த படம். ஆனால் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது. சுத்தியலும் நிஜம், சுவரும் நிஜம் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

திரையில் கதாநாயகன் அந்தச் சுத்தியலை ஓங்கினான்.

“ஐயோ! வேணாண்டா!”

தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள் அந்த அம்மாள். தூங்கிய இருவரும் விழித்துக்கொண்டார்கள். ராகவேந்திரா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்தது கொலைக் காட்சி. கதாநாயகியின் கழுத்தில் கத்தி இறங்கியது. அந்த அம்மாளோ பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

“போச்சு. கொலைக்கு அசையவே இல்லையேடா” என்றான் கிட்டு.

“மடையா! அந்தக் கொலை அவனோட மனப்பிரமைதான்னு கண்டுபிடிச்சுட்டாங்கடா! கிளைமாக்ஸ்ல சொல்றதை இப்பவே பிடிச்சுட்டாங்க. என்ன ரசனை பாரு!”

கதாநாயகன் ரத்தக் கையை ஜன்னல் திரைச்சீலையில் துடைத்தான். அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இடைவேளை விட்டதும் கோகுல்நாத் ஒரு டீயை வாங்கிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

“படம் எப்படிங்கம்மா இருக்குது?”

“நெஞ்சு அடிச்சிக்குது பேட்டா. பூனாவுலயே எடுத்த தமிழ்ப் படம்னு பக்கத்து வீட்டு சோனியா சொன்னா, சரி பாப்போம்னு வந்தேன். இன்னும் இன்னா இன்னா பண்ணி வச்சிருக்கானோ தெரியல!”

“அவ்வளவு பயமா இருந்தா கிளம்பிடுங்கம்மா. உடம்புக்கு ஏதாவது ஆயிடப் போகுதுங்க.”

“கிளம்பறதா? கடைசிவரைக்கும் பாக்காம நகர மாட்டேன். இத எடுத்தவன் யாரு பேட்டா? அவன நான் நேர்ல பாக்கணும்.”

கோகுல்நாத் டீயை அவள் கையில் கொடுத்தான். பெற்ற அம்மாவே பாதியில் கொட்டாவி விட்ட படம் இது. “முடிஞ்சதும் அவரே உங்ககிட்ட வருவாருங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

கிளைமாக்ஸில் கதாநாயகன் தன் டைரிகளை எல்லாம் ஹால் நடுவில் குவித்துத் தீ வைத்தான். புகை மேலே ஏற ஏற அம்மாள் சீட்டை விட்டு எழுந்தே விட்டாள். “தண்ணி ஊத்துங்கடா யாராவது!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கல்லூரிக் கும்பல் சிரிப்பை நிறுத்தியது. பேயைத் தேடிய குடும்பம் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டது.

விளக்குகள் எரிந்தன. ராகவேந்திரா ஓடி வந்து கோகுல்நாத்தைக் கட்டிக்கொண்டார்.

“முப்பது வருஷத்துல இப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல! படம் இனி என்னோடது. வா, அந்தம்மாவைப் பேச வெச்சு வீடியோ எடுப்போம். அதுதான் நமக்கு விளம்பரமே!”

வாசலில் கிட்டு மொபைலை நீட்டினான். “பேரு சொல்லுங்கம்மா.”

“பவுன். இங்கதான், கட்கி. எங்க வீட்டுக்காரரு அம்யூனிஷன் ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு.”

“இவர்தாம்மா டைரக்டர்” என்று ராகவேந்திரா கோகுல்நாத்தை முன்னால் தள்ளினார். அவன் கூச்சத்துடன் கும்பிட்டான்.

“நீதானா பேட்டா?” கும்பிட்ட கையை பவுனம்மாள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது.

“எந்த சீன்ல உங்களுக்கு உயிரே போயிடுச்சு? மனசுல பட்டதைத் தாராளமா சொல்லுங்கம்மா, ஊரே பாக்கப் போகுது!” என்றார் ராகவேந்திரா.

பவுனம்மாள் பிடியைத் தளர்த்தாமல் மொபைலைப் பார்த்துப் பேசினாள்.

“எல்லா சீன்லயும்தான்! எங்க வீட்டுக்காரரு ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கி, சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டு, ஏஜென்ட் மூலமா இவனுக்கு வாடகைக்கு விட்ட என் மகர்பட்டா பிளாட்டுய்யா அது!”