பந்த் நாள் சவாரி

பந்த் என்றால் ஊரே வீட்டில் முடங்கும். செல்லையா மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரியிலிருந்து செல்லானம் பக்கம் கிளம்பிவிடுவான். அங்கே எவளாவது இருக்கிறாளோ என்று மனைவி ராக்கம்மாளுக்குச் சந்தேகம். இந்த முறை அவளும் கேரியரில் ஏறிக்கொண்டாள்.

ஒரு வண்டிகூட இல்லாத சாலை. ஊருக்கு ஊர் பெண்கள் அவனைப் பார்த்துக் கைகாட்டினார்கள். கண்ணமாலியில் மூடிய சாயாக்கடை வாசலில் நின்றவள், "சேட்டா, இன்னிக்கு அவசரமில்லையே! பின்வாசல் வழியா வா, சாயா தரேன்" என்று சிரித்தாள்.

ராக்கம்மாள் அவன் இடுப்பைக் கிள்ளினாள். "நல்ல பழக்கந்தான்!"

அவனோ சைக்கிளை நிறுத்தி, பழைய தேவாலயத்தை அண்ணாந்து பார்த்தான். "ஏ புள்ள, அங்க எம்மாம் பெரிய மணி! இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"பொம்பளைங்க அத்தனை பேரையும் தெரியும், மணி மட்டும் தெரியாதா? யார்கிட்ட கதை விடறீங்க?"

"ஸ்டாப்புல கைகாட்டறவங்களைத்தான் தெரியும், அவங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற ஊரு எனக்கெங்கே தெரியும்? பஸ் நிறைய ஆளை வச்சுக்கிட்டு டிரைவர் ரோட்டைத் தவிர வேற எங்கயாவது பாக்க முடியுமா?"

ராக்கம்மாள் கேரியரிலிருந்து இறங்கினாள்.

"உருட்டிக்கிட்டே வாங்க. மெதுவாப் பாக்கலாம்."