எந்த மாவட்டத்துப் பாப்பா?

"நாலு வார்த்தை பேசினா போதும் மேடம். எந்த மாவட்டத்துக்காரங்கன்னு இந்த ஆப் சொல்லிடும்" என்றான் வேணு.

பௌர்ணமி மாலை. கிரிவலப் பாதையில் கூட்டம் நெரிந்தது. காணாமல் போனவர்களுக்கான உதவி மையத்தில் மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்த காவலர் அருணாதேவி, அவன் அழைத்து வந்த ஆறு வயதுச் சிறுமியைப் பார்த்தாள்.

"தனியாவா நின்னுனு இருந்துச்சு?"

"ஆமா மேடம். இந்த ஆப் என்னோட ரெண்டு வருஷ உழைப்பு. இன்னைக்கு சரியா சொல்லிடுச்சுன்னா, தீபத்துக்கு எல்லா மையத்துலயும் வைக்கச் சொல்லி நீங்க மேல ஒரு வார்த்தை சொல்லணும்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு, இருப்புக்கொள்ளாமல் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"உங்கப்பா பேர் என்ன பாப்பா?" என்று கேட்டாள் அருணாதேவி.

"அந்த ரகசியத்தை என்னால் வெளியிட முடியாது" என்றாள் சிறுமி.

"போன் நம்பர் ஏதாச்சும் தெரியுமா?"

"மன்னித்துவிடுங்கள் நண்பரே. என் பயணம் மிகவும் ஆபத்தானது."

திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. 'மாவட்டம் தெரியவில்லை.'

வேறு யாராயிருந்தாலும் நொந்துபோயிருப்பார்கள். வேணு துள்ளிக் குதிக்காத குறைதான்.

"இது கார்ட்டூன் டப்பிங் தமிழ் மேடம். வேலூரும் கிடையாது, மதுரையும் கிடையாது. ஏசி ரூம்ல உக்காந்து, படத்துல அசையற வாய்க்கு ஏத்த மாதிரி அளந்து பேசினது. முப்பத்தெட்டு மாவட்டத்தையும் ஆப்புக்குக் கத்துக்கொடுத்தேன். இந்த முப்பத்தொன்பதாவத விட்டுட்டேனே."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குது சார். 'அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது'ன்னுதான் சாப்பாடே கேக்கறான்" என்று சிரித்த அருணாதேவி மைக்கை எடுத்தாள். "ஆப் அப்புறம் இருக்கட்டும். பெத்தவங்க பதறிப் போயிருப்பாங்க. நான் அறிவிச்சுடறேன்."

"ஒரே நிமிஷம் மேடம்." வேணு குனிந்து சிறுமியிடம் கெஞ்சினான். "கார்ட்டூன் வேணாம் செல்லம். வீட்ல பேசற மாதிரி பேசு."

சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எனக்கு காலு வலிக்குது. தொலைஞ்ச பாப்பா மாதிரி இன்னும் எவ்ளோ நேரம்பா நடிக்கறது? அம்மா நம்மள தேடினு இருக்கும்."

அருணாதேவியின் கையில் மைக் அப்படியே நின்றது. மேசைமேல் போன் பளிச்சென்று ஒளிர்ந்தது: 'திருவண்ணாமலை மாவட்டம். 98 சதவீதம்.'