பாதிக் காசு

சமையலறையில் இருப்பவர்கள்: பண்ணைக்காரி வினிஃப்ரெட், அவள் அனுமதியோடு அவள் வயலில் பழங்காசு தேடும் நெவில், மேசைக்கடியில் ஈர நாய். இங்கிலாந்தின் நார்ஃபோக் மழையின் சாம்பல் வெளிச்சம் மேசைமேல் விழுகிறது. அங்கே நகத்தளவு வெள்ளிக்காசு ஒன்று, சரிபாதியாக வெட்டுப்பட்டு, ராஜாவின் பாதி முகத்தோடு கிடக்கிறது. நெவிலின் காலுறையிலிருந்து தரையில் நீர் பரவுகிறது. "கிடைக்கறதுல பாதி எனக்குன்னு பேச்சு. அதுக்காகக் காசையே வெட்டிட்டியா நெவில்?" என்கிறாள் வினிஃப்ரெட். "நான் வெட்டலைங்க. அந்தக் காலத்துல சில்லறை கிடையாது, காசை வெட்டித்தான் குடுப்பாங்க." "கதை நல்லாருக்கு. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் முழுசு முழுசா வந்துச்சு. அவர் போனதும் பாதியா முளைக்குதோ?" காசின் வெட்டிய ஓரமும் ராஜாவின் முகத்தைப் போலவே கறுத்திருக்கிறது, புது வெட்டென்றால் பளபளக்கும். அதைச் சொன்னால் போதும். நெவில் ஜன்னல் வழியே வயலைப் பார்க்கிறான். மனைவி விட்டுப்போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் போக இருந்த ஒரே இடம் அந்த வயல். "இனி இந்தப் பக்கம் வராத. கேட் சாவிய வச்சிட்டுப் போ." வைக்கிறான். காசின் பக்கத்தில் சாவி பெரிதாகத் தெரிகிறது. நாய் அவன் கையை மோந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. வெளிப்படியில் பூட்சுக்குள் காலை நுழைத்து, சுவரில் சாய்த்திருந்த, மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரை எடுக்கிறான். "குழியெல்லாம் மூடிட்டேங்க" என்கிறான். அவள் கதவைச் சாத்துகிறாள். உள்ளே பூட்டு திரும்புகிறது.