சந்துக்கு மேலே ஒரு பாலம்

எந்த மாதம் என்பது சரியாக நினைவில்லை. சுவரில் சாய்ந்த வெயில் மட்டும் நிச்சயம். லாமு தீவின் குறுகிய சந்தில் கட்டடக்கலைஞர் மப்ரூக் வரைபடத்தோடு நிற்கிறார். இரண்டு வீடுகளை மாடியில் இணைக்கும் மூடிய பாலம் பின்னாளில் கட்டப்பட்டது. பழைய வடிவத்தை மீட்க அதை இடிக்க வேண்டுமென்று வரைபடத்தில் அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். தலைக்கு மேல் செருப்புச் சத்தம் மெல்லப் போகிறது. கூடவே தேங்காய்ப்பால் சோற்றின் மணமும். பாதிவழியில் நின்று, பாலத்துச் சன்னலில் வீட்டுக்கார அம்மா ஸுவேனா எட்டிப் பார்க்கிறாள்.

"இதை இடிச்சுட்டா, எதிர்வீட்டுல படுத்த படுக்கையா கிடக்கிற என் அக்காவுக்கு நீயா சோறு தூக்கிட்டுப் போவே, தம்பி?"

"தெருவழியா போகலாமே, அம்மா."

"ரெண்டு மாடி இறங்கி ரெண்டு மாடி ஏறணும். என் முழங்காலைக் கேட்டுட்டுக் கோடு போட்டியா?"

வரைபடத்தில் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. மப்ரூக் அதை ஊதிவிட்டு, சட்டைப்பையில் ரப்பரைத் தேடுகிறார்.

பாலம் இன்றும் நிற்கிறது. மப்ரூக் மொம்பாசாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா அடுத்து வந்த மழைக்காலத்திலேயே இறந்துபோனாள். ஸுவேனா தினமும் அதே நேரத்துக்கு வெறுங்கையோடு அந்தப் பக்கம் போய் வருகிறாள்.